கேஸ் இணைப்பு இருக்கிறது, உலை விறகில்தான் கொதிக்கிறது: உங்கள் ஊரில் எப்படி?

#1 கரிசல்மண் (சாத்தூர் பக்கம்)

இன்னொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார்: "வீட்டுக்கு வீடு கேஸ் கொடுத்தாச்சு. இன்னமும் கிராமத்தில் விறகு எரிக்கிறார்கள் என்றால் அது வெறும் பழக்கதோஷம்." அங்கே பதில் போட்டால் திசை மாறிவிடும் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் கேஸ் அடுப்பு இல்லாத வீடு மிகக் குறைவு. சில வீடுகளில் 2006க்குப் பிறகு தி.மு.க. ஆட்சியில் கொடுத்த இலவச அடுப்பு, சில வீடுகளில் உஜ்வாலா (ஏழை வீட்டுப் பெண்கள் பெயரில் மத்திய அரசு கொடுத்த கேஸ் இணைப்பு), மற்றவர்கள் காசு கட்டி எடுத்தது. ஆனால் காலை ஆறரைக்குத் தெருவில் நடந்தால் பாதி வீட்டுக் கூரையில் புகை. கேஸில் டீ, பிள்ளைக்குப் பால், திடீரென்று விருந்தாள் வந்தால் ஒரு ஆம்லெட். உலை, குழம்பு, வெந்நீர், மாட்டுக்குக் காய்ச்சுகிற கஞ்சி எல்லாம் கொல்லைப்புற அடுப்பில்.

உஜ்வாலா 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசம் பல்லியாவில் தொடங்கியது. 2019 செப்டம்பரில் 8 கோடி இணைப்பு முடிந்தது என்று அறிவித்தார்கள். பெரிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக எடுத்த உருளை (சிலிண்டர்) எவ்வளவு தெரியுமா? 2019-20இல் 3.01. 2022-23இல் 3.7 பக்கம். நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று வேளையும் கேஸிலேயே சமைத்தால் எட்டு, ஒன்பது உருளையாவது வேண்டும். அப்படியென்றால் பாதி அடுப்புக்கு மேல் இன்னும் விறகுதான். கொடுத்த இணைப்பை எண்ணுகிறோம், எரிந்த கேஸை எண்ணுவதில்லை.

விலையா, தூரமா, ருசியா, பழக்கமா? உங்கள் ஊர்க் கணக்கை எழுதுங்கள். கட்சி வேண்டாம்.

#2 இண்டக்‌ஷன் ரவி (கோவை)

அண்ணா, பழக்கமும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டாம். எங்கள் அப்பத்தா கடைசி வரைக்கும் "கேஸ்ல வெச்ச ரசம் ரசமா" என்று கேட்டவர்.

2025இல் சென்னை விலை 868.50. உஜ்வாலா என்றால் 300 கழிந்து 568 சொச்சம். ஒரு உருளை ஒரு மாதம் வந்தால் நாளைக்கு 19 ரூபாய். இரண்டு டீ காசு. முடியாது என்று சொல்ல முடியாது, முன்னுரிமை இல்லை என்று சொல்லலாம்.

#3 செவக்காட்டுக்காரி (தூத்துக்குடி மாவட்டம்)

ரவி தம்பி, நாளைக்கு 19 ரூபாய்க்கு எந்த ஏஜென்சியில் கேஸ் ஊற்றித் தருகிறார்கள் என்று சொன்னால் நானும் ஒரு தூக்குச்சட்டியோடு வருகிறேன்.

முழுப் பணத்தையும் எண்ணி வைத்தால்தான் உருளை இறங்கும். மானியம் அப்புறம் வங்கியில் ஏறும். ஏறியதா என்று பார்க்க ஒரு நாள் நடை. முதல் உஜ்வாலாவில் இன்னொரு கூத்தும் நடந்தது. அடுப்புக்கும் முதல் உருளைக்கும் ஆன காசைக் கடன் என்று எழுதி, பிறகு வரவேண்டிய மானியத்தில் கழித்துக்கொண்டார்கள். ஆக, ஏழை வீட்டுக்கு மானியம் வந்து சேர வேண்டிய நேரத்தில் வந்து சேரவில்லை. 2018இல் அடுத்த ஆறு உருளைக்குக் கழிக்க வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள். 2021இல் வந்த இரண்டாவது உஜ்வாலாவில்தான் அடுப்பும் முதல் உருளையும் இலவசம்.

இப்போது எங்கள் பக்கத்து வரும்படியைப் பார். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். 2025-26இல் நூறு நாள் வேலைக் கூலி 336 என்று பலகையில் இருந்தது, கைக்கு வர வாரக்கணக்கில் ஆனது. சனிக்கிழமை வாங்கிய பணத்தில் மளிகைக் கடை பாக்கி, குழுக் கடன் தவணை, பிள்ளைக்கு நோட்டு போக மிச்சம் இருந்தால் இருநூறு. உருளை புதன்கிழமை தீர்ந்தால் என்ன செய்வாள்? கடனுக்கு கேஸ் கிடையாது. அரிசி, பருப்பு, மீன் எல்லாம் கடனுக்குக் கிடைக்கும் ஊரில் கைக்காசு இல்லாமல் அசையாத ஒரே சாமான் உருளைதான்.

விறகு அப்படி இல்லை. இன்றைக்கு வேண்டியதை இன்றைக்கு ஒடித்துக்கொள்ளலாம். உடங்காட்டுக்கு (முள்மரக் காடு) தொரட்டியும் அரிவாளும் எடுத்துப் போவோம். வெட்டியதும் தூக்க முடியாது, முதலில் முள் கழிக்க வேண்டும். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். ஏறிய இடம் ராத்திரி முழுக்கக் கடுக்கும். கழித்துக் கட்டி, சும்மாடு வைத்து, இன்னொருத்தி தூக்கிவிட்டால்தான் கட்டு தலைக்கு வரும். அதனால்தான் விறகுக்குத் தனியாகப் போவதில்லை.

இதற்கெல்லாம் வீட்டில் யாரும் கூலி போடுவதில்லை. ஆகவே விறகு "சும்மா கிடைக்கிறது". கேஸுக்கு மட்டும் வீட்டுக்காரர் சட்டைப்பையில் கைவிட வேண்டும். முன்னுரிமை யாருடையது என்று நீயே கேட்டுப் பார்.

#4 இண்டக்‌ஷன் ரவி

அக்கா, மொத்தமாகக் கட்ட வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கரண்ட் அடுப்பு? தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016 மே மாதத்திலிருந்து. கிராமத்து வீட்டில் அந்த நூறையே தாண்டாதவர்கள் எத்தனையோ பேர். மிச்ச யூனிட்டில் சமைக்கலாமே?

#5 சிலிண்டர் வண்டி (விருதுநகர் மாவட்டம்)

நான் டெலிவரி வேலை பார்க்கிறவன். எந்த ஏஜென்சி என்று கேட்காதீர்கள்.

டவுனுக்குள் தினமும் வண்டி. கிராமத்துக்கு வாரத்தில் ஒரு நாள், அதுவும் மெயின் ரோட்டு விலக்கு (ஊருக்குள் பாதை பிரிகிற இடம்) வரைக்கும். உள்ளே நாலு கிலோமீட்டர் போய் மூன்று உருளை இறக்கினால் டீசல் கட்டாது என்பார் முதலாளி. விதிப்படி வீட்டு வாசலில் இறக்க வேண்டும், பில் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. நடப்பது உங்களுக்கே தெரியும். நாற்பது, ஐம்பது வாங்குகிறோம். வாங்காவிட்டால் எனக்குக் கட்டாது, வாங்கினால் அந்த அம்மாவுக்குக் கட்டாது.

கேஸ் 14.2 கிலோ, இரும்பு இன்னொரு 15, 16 கிலோ. முப்பது கிலோவை விலக்கிலிருந்து வீட்டுக்கு யார் தூக்குவது? சைக்கிளோ பைக்கோ வைத்திருக்கிற ஆண் வீட்டில் இருக்க வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் புக்கிங்கே வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். உஜ்வாலா புத்தகத்தில் டீக்கடைக்காரர், புரோட்டாக் கடைக்காரர் எடுத்துக்கொள்வதும் உண்டு. புத்தகக்காரருக்குக் கையில் ஏதோ கொடுப்பார்கள். 2019 சி.ஏ.ஜி. (மத்திய அரசுக் கணக்குத் தணிக்கை) அறிக்கையில் ஒரே மாதத்தில் 3 முதல் 41 உருளை வரை எடுத்த உஜ்வாலா கணக்குகள் 13.96 லட்சம் என்று வந்தது. அதனால் சராசரி மூன்று என்றால் உண்மையில் வீட்டில் எரிந்தது அதற்கும் கீழேதான்.

#6 மீட்டர்பாக்ஸ் (திருவண்ணாமலை, ஓய்வு)

மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். ரவி தம்பி கேட்டது நல்ல கேள்வி, கணக்கே போட்டுவிடுவோம்.

ஒரு கிலோ கேஸில் சுமார் 12.8 யூனிட் வெப்பம். 14.2 கிலோவுக்கு 180 யூனிட். கேஸ் அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்தில் ஏறும், நூறு என்று வைத்துக்கொள்வோம். இண்டக்‌ஷனில் நூற்றுக்கு 85 ஏறும். ஆக ஒரு உருளை செய்கிற வேலைக்கு 120 யூனிட் கரண்ட் போதும்.

இரண்டு மாதத்துக்கு ஒன்றரை உருளை செலவாகும் வீடு என்றால் 180 யூனிட். விளக்கு, பேன், டி.வி., மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் 120 யூனிட் என்று வையுங்கள். 2025 கட்டணப்படி சமையல் இல்லாமல் பில் 47 ரூபாய். சமையலோடு 300 யூனிட்: முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.35 வீதம் 235, அதற்கடுத்த நூறு 4.70 வீதம் 470, மொத்தம் 705. அதாவது சமையலுக்கு 658 ரூபாய். இதே ஒன்றரை உருளைக்கு உஜ்வாலா மானியம் போக 850 ரூபாய்க்கு மேல், மானியம் இல்லாதவருக்கு 1,300. கரண்ட் மலிவுதான்!

அதைவிட முக்கியம், கேஸுக்குக் காசு முன்னால், கரண்டுக்குக் காசு பின்னால். இரண்டு மாதம் எரித்துவிட்டு அப்புறம் கட்டலாம். செவக்காட்டு அம்மா சொன்ன புதன்கிழமைப் பிரச்சினை இங்கே இல்லை.

பிறகு ஏன் நடக்கவில்லை என்றால், வாருங்கள் என்னோடு ஒரு கடைசித் தெருவுக்கு. டிரான்ஸ்பார்மர் ஊர் முகப்பில். கடைசிக் கம்பம் வரைக்கும் பழைய மெல்லிய கம்பி. வயலில் மோட்டார் ஓடுகிற நேரத்தில் கடைசி வீட்டில் டியூப்லைட் கண் சிமிட்டும். 1,500 வாட் அடுப்பு அங்கே "பீப்" என்று கத்திவிட்டு நின்றுவிடும். வீட்டுக்குள் போட்ட ஒயரோ விளக்குக்கும் பேனுக்கும் போட்டது. பிளக் பாயிண்ட் உருகிக் கருகிப்போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். குடிசை சர்வீஸ் வாங்கியவர்களுக்கு மீட்டரே கிடையாது, விளக்கு மாதிரிச் சின்ன உபயோகத்துக்கு மட்டும் இலவசம். அதில் அடுப்பு போட்டால் திருட்டுக் கணக்கு. மீட்டர் சர்வீஸுக்கு மாற்ற டெபாசிட், ஒயரிங் என்று ஆயிரக்கணக்கில் போகும்.

பாத்திரம் வேறு. அலுமினியச் சட்டி, மண்சட்டி, பித்தளைப் பானை எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. அடி மாற்றிய பாத்திரம் நாலு வாங்கினால் அடுப்பு விலையைத் தாண்டும்.

#7 வம்புவேலன்

2021 தி.மு.க. தேர்தல் அறிக்கையில் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று ஒன்று இருந்ததே, யாராவது பார்த்தீர்களா? 😄

#8 ராசா மைனர்

2014இல் 400 சொச்சத்துக்கு வாங்கியதை 1,118க்குக் கொண்டுபோனவர்களை விட்டுவிட்டு இவர்களைக் கேட்கிறாராம். முதலில்...

#9 நெறியாளர்

வம்புவேலன், ராசா மைனர், இரண்டு பேருக்கும் அரசியல் பகுதியில் தனி அறை இருக்கிறது. தொடர்ந்த ஏழு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

#10 கரிசல்மண்

நன்றி நெறியாளர்.

மீட்டர்பாக்ஸ் ஐயாவின் கணக்கை விறகுக்கும் நீட்டிப் பார்த்தேன். காய்ந்த விறகு ஒரு கிலோவில் நாலரை யூனிட் வெப்பம் இருக்கும். மூன்று கல் அடுப்பில் அதில் நூற்றுக்கு 12, 15 தான் பாத்திரத்துக்குப் போகிறது, மிச்சம் சுவருக்கும் நம் முகத்துக்கும். அப்படியானால் ஒரு உருளை செய்கிற வேலைக்கு 160, 170 கிலோ விறகு. 25 கிலோ தலைச்சுமை என்றால் ஏழு கட்டு. ஒரு கட்டுக்குப் போய் வர அரை நாள் என்றால் மூன்றரை நாள். நூறு நாள் வேலைக் கூலியில் போட்டால் 1,100 ரூபாய்க்கு மேல். மானியம் போன கேஸைவிட இரண்டு மடங்கு!

ஆக, விறகு மலிவு என்பது பெண்களின் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று வைத்தால் மட்டும்தான்.

#11 இண்டக்‌ஷன் ரவி

அங்கேதான் கணக்கு இடிக்கிறது அண்ணா. அந்த மூன்றரை நாளும் அவர்களுக்கு 336 ரூபாய்க்கு வேலை காத்திருந்தால்தானே அந்த விலை போட முடியும்? நூறு நாள் வேலையே வருஷத்தில் நூறு நாள் கிடைத்ததில்லை. வேலை இல்லாத நாளில் விறகு பொறுக்குவது சரியான முடிவுதான். நான் முதலில் சொன்ன "முன்னுரிமை" வேறு, இது வேறு.

#12 செவக்காட்டுக்காரி

இப்போது ஒரு வழிக்கு வந்தாய். ஆனால் வேலை உள்ள நாளிலும் பொறுக்குகிறோம் தம்பி. களை எடுத்துவிட்டு வரும்போது தலையில் ஒரு சுமை இல்லாமல் வருகிற பெண்ணை எங்கள் ஊரில் நீ பார்க்க முடியாது. பருத்திமார் (காய்ந்த பருத்திச் செடி) பிடுங்கினால் அதுவும் வீட்டுக்கு வரும்.

#13 கண்மாய்க்கரை (முதுகுளத்தூர்)

விறகு, விறகு என்கிறீர்கள், எங்கள் பக்கம் விறகு என்றால் சீமைக் கருவேலம்தான். இந்தியாவுக்கு 1877இலேயே வந்துவிட்ட மரம். எங்கள் மாவட்டத்தில் விறகுப் பஞ்சத்துக்கு என்றே பிற்காலத்தில் விதை தூவினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீரை உறிஞ்சுகிறது, கண்மாயை மேவிவிட்டது, எல்லாம் உண்மை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒழிக்கச் சொன்னபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது, பிறகு தடை வந்தது, பிறகு திரும்பவும் பேச்சு. எனக்கும் அந்த மரம் போக வேண்டும் என்றுதான் ஆசை.

ஆனால் வெட்டுவது எப்படி நடக்கிறது? கண்மாயை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து வெட்டி, அங்கேயே கரி மூட்டம் போட்டு, மூட்டை கட்டி லாரி ஏற்றிவிடுவார். அது வெளியூர் ஓட்டலுக்கும் ஆலைக்கும் போகும். அதுவரை சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஊர்ப் பெண்கள் ஏலம் விட்ட மறுநாளிலிருந்து திருடிகள். எங்கள் ஊரில் போன கோடையில் ஏலதாரர் வைத்த காவல்காரன் ஒரு கிழவியின் அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பஞ்சாயத்துப் பேசித்தான் திரும்பி வந்தது.

மரத்தை எடுங்கள். எடுக்கிற இடத்தில் என்ன வைத்து உலை வைப்பார்கள் என்று ஒரு வரி அந்த உத்தரவில் இருக்க வேண்டாமா? வேம்பு, நாட்டுக் கருவேலம் வளர்ந்து விறகாக எத்தனை வருஷம்! அதுவரை தென்னை மட்டையும் பனை மட்டையும் சாணி வறட்டியும்தான், இருக்கிறவர்களுக்கு.

#14 ஊரகச் செவிலி (விழுப்புரம் மாவட்டம்)

வறட்டி என்ற வார்த்தையைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். புகையில் மோசமானது அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐம்பது வயதுப் பெண் மூச்சிரைப்போடு வருவார். பீடி, வெற்றிலை எதுவும் இல்லை. "எத்தனை வருஷமா இருமல்?" என்றால் "அது எப்பவும் இருக்கிறதுதானே" என்பார். ஊதுகுழலை வாயில் வைத்து முப்பது வருஷம் ஊதிய நெஞ்சு அது.

பழக்கதோஷம் பற்றி ஒரு முக்கியமான சங்கதி சொல்கிறேன். எங்கள் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கவுதமாலா, பெரு, ருவாண்டாவிலும் அதே நேரத்தில் நடந்தது. நாலு நாட்டிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்து, குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை உருளையை இலவசமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மற்றவர்கள் எப்போதும்போல் விறகு. என்ன நடந்தது என்றால், கேஸ் வாங்கிய வீடுகளில் ஏறக்குறைய எல்லோருமே விறகை விட்டுவிட்டார்கள். ருசி, பாட்டி, பழக்கம் எதுவும் குறுக்கே வரவில்லை.

விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராம் பக்கம், கேஸ் வீட்டுப் பெண்களுக்கு 24தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, இதையும் மறைக்கக் கூடாது: 2022இல் வெளிவந்தபோது பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. நாங்கள் எல்லோரும் எடை கூடும் என்றுதான் எதிர்பார்த்தோம். கேஸ் கொடுத்த மறுநாளே எல்லா நோயும் போய்விடும் என்று நோட்டீஸ் அடிக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். நம் வீட்டில் கேஸ் எரிந்தாலும் பக்கத்து நாலு வீட்டுப் புகை நம் ஜன்னலில்தானே வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 5 மைக்ரோகிராம். 24 என்பதே அதைப்போல ஐந்து மடங்கு.

#15 இண்டக்‌ஷன் ரவி

இலவசமாக வீட்டு வாசலில் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள் அக்கா?

#16 ஊரகச் செவிலி

அதைத்தான் தம்பி சொல்கிறேன். விலையையும் தூரத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் பழக்கம் என்று ஒன்றும் நிற்கவில்லை.

#17 வல்லிபுரத்தான் (யாழ்ப்பாணம்)

இழை நல்லாப் போகுது. எங்கட பக்கக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விறகிலிருந்து காஸுக்கு ஏறுகிற இந்த ஏணியில் நாங்கள் இரண்டு தரம் கீழே இறங்கின ஆக்கள்.

முதல் தரம் தொண்ணூறுகளில். பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கறுப்புச் சந்தையில் நினைக்க முடியாத விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் நூல் திரியும் வைத்து, கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொளுத்தி அதைச் சுற்றி இருந்து படித்த தலைமுறை நாங்கள். சமையல் பனம்மட்டை, பொச்சுமட்டை (தேங்காய் மட்டை), ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) எரித்துத்தான்.

இரண்டாம் தரம் 2022. அதற்கு முதல், 2021 கடைசியில் காஸ் சிலிண்டர் வெடிக்கிற செய்தி நாளாந்தம் வந்தது, புரொப்பேன் பியூட்டேன் கலவையை மாற்றினதுதான் பிரச்சினை என்று பேச்சு. பிறகு காஸே இல்லை. வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் வைத்துவிட்டு இரவிரவாகக் காவல் இருந்தார்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு விற்றது ஓகஸ்டில் ஒரே இரவில் 340. கொழும்பில் மாடிவீட்டு ஆக்கள் திண்டாடிப் போனார்கள், அடுப்பு மூட்ட இடமில்லை. எங்கட ஊரில் பின்குசினியில் விறகு அடுப்பை இடிக்காமல் வைத்திருந்த வீடுகள் அவ்வளவு கஷ்டப்படவில்லை.

அதால எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து. விறகு அடுப்பை வைத்திருக்கிற மனிசி விவரம் தெரியாமல் வைத்திருக்கவில்லை. காஸ் விலை ஆர் கையில் இருக்குது என்று அவவுக்குத் தெரியும். அவவின்ர கையில் இல்லை.

#18 கரிசல்மண்

அண்ணை, இது நாங்கள் யோசிக்காத கோணம். இங்கேயும் 2020 நவம்பரில் சென்னை விலை 610, 2023 மார்ச்சில் 1,118.50. அதற்கு முன்பே 2020 மே மாதத்திலிருந்து பொது மானியமும் நின்றுபோனது. இப்படி ஏறி இறங்குகிற பொருளை நம்பி யார் அடுப்பை இடிப்பார்கள்.

மண்ணெண்ணெய் என்றதும் நினைவு வந்தது. ரேஷன் கார்டில் "ஒரு சிலிண்டர்" என்று முத்திரை விழுந்தால் மண்ணெண்ணெய் குறையும், "இரண்டு சிலிண்டர்" என்றால் அறவே கிடையாது. லிட்டர் 13, 14 ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில் அந்த முத்திரைக்குப் பயந்தே கேஸ் எடுக்காத வீடுகள் இருந்தன. இப்போது மண்ணெண்ணெயும் போய்விட்டது. மழைக்காலத்தில் ஈர விறகைப் பற்றவைக்கப் பழைய செருப்பு, பாலிதீன் பை, சைக்கிள் டியூப் என்று போடுகிறார்கள். அந்தப் புகையை எந்தக் கணக்கில் எழுதுவது செவிலி அக்கா?

#19 ஊரகச் செவிலி

கேட்காதீர்கள். அதற்கு வறட்டியே தேவலை.

#20 தோட்டத்துச்சாலை (மேட்டுப்பாளையம்)

எல்லோரும் கேஸையும் கரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே 350 கிலோவாட் காற்றாலை வாங்கிக் கரண்ட் விற்றது. சாண எரிவாயுக் கலன், அரசின் பசுமை வீட்டுத் திட்டச் சூரிய விளக்கு என்று எத்தனையோ இருக்கிறது. ஊராட்சி நினைத்தால் முடியும்.

#21 மீட்டர்பாக்ஸ்

ஓடந்துறையை நானும் மெச்சுகிறேன். ஆனால் காற்றாலைப் பணம் ஊராட்சிக் கணக்குக்கு வந்தது, குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் உதவியது. அடுப்பங்கரைக்கு வரவில்லை.

2011இல் தொடங்கிய பசுமை வீடுகளில் வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்கு. பேட்டரி சாகும் வரை நன்றாக எரிந்தது. புதுப் பேட்டரிக்குத் திட்டத்தில் பணம் இல்லை, வீட்டுக்காரரிடமும் இல்லை. 2024இல் வந்த கூரை சோலார் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு, ஆனால் சோலார் பலகையைத் தாங்குகிற உறுதியான கூரை வேண்டும். ஓட்டு வீட்டுக்காரர் எதில் பொருத்துவார்?

சாண எரிவாயுவுக்கு நாலைந்து மாடு வேண்டும், தினம் ஐம்பது கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். நிலமும் மாடும் உள்ளவருக்கு அருமையான ஏற்பாடு. அவர் வீட்டில் ஏற்கெனவே கேஸும் இருக்கிறது.

#22 செவக்காட்டுக்காரி

புகையில்லா அடுப்பை விட்டுவிட்டீர்களே ஐயா! எண்பதுகளில் எங்கள் அம்மா வீட்டில் போட்டுக் கொடுத்தார்கள். களிமண் அடுப்பு, கூரை வழியாகக் குழாய். இரண்டு மழைக்குக் குழாயில் கரி அடைத்தது. துடைக்கச் சொல்லிக் கொடுத்த ஆள் திரும்ப வரவில்லை. சின்னப் பானைக்கு அளவெடுத்த வாய் வேறு. நெல் அவிக்கிற அண்டா உட்காராது என்று அம்மா ஓரத்தை இடித்துப் பெரிதாக்கினார். அப்புறம் வீடு முழுக்கப் புகை.

சரி, புலம்பியது போதும். எங்கள் மகளிர் குழுவில் இப்போது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, சொல்கிறேன். சிலிண்டர் சீட்டு. சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஐம்பது ரூபாய். யாருடைய உருளை தீர்ந்ததோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த வாரங்களில் கட்டிக் கழிக்கலாம். ஏலம் கிடையாது, வட்டி கிடையாது. மானியம் வங்கியில் ஏறியதும் அது அவரவருக்கு. இதைத் தொடங்கிய பிறகு வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் தவிர விறகு எடுக்காத வீடுகள் எங்கள் தெருவில் கூடியிருக்கின்றன. எல்லா வீடும் இல்லை. ஐம்பதுகூட வைக்க முடியாத மூன்று வீடுகள் சீட்டில் சேரவே இல்லை. அவர்களுக்கு என்ன வழி என்று எங்களுக்கும் பிடிபடவில்லை.

விலக்கில் இறக்குவதற்குப் பதில் எங்கள் தெருவுக்கே ஆறேழு உருளை ஒரே நாளில் புக் செய்கிறோம். அப்போது வண்டி உள்ளே வந்துவிடுகிறது.

#23 சிலிண்டர் வண்டி

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆறு உருளை என்றால் நானே முதலாளியிடம் பேசி வண்டியைத் திருப்புவேன்.

ஐம்பது வைக்க முடியாத வீட்டுக்கு 5 கிலோ உருளை கேட்டுப் பாருங்கள். உஜ்வாலா இணைப்பில் 14.2ஐக் கொடுத்துவிட்டு 5 கிலோவுக்கு மாற்றிக்கொள்ளலாம், மானியமும் அளவுக்குத் தகுந்தபடி உண்டு. "ஸ்டாக் இல்லை" என்று சொல்வார்கள், கமிஷன் குறைவு என்பதால் வாங்கி வைப்பதில்லை. விடாமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

#24 கரிசல்மண்

5 கிலோவுக்கு மாற்ற என்ன என்ன கொண்டுபோக வேண்டும்? எங்கள் தெருவில் தனியாக இருக்கிற இரண்டு பாட்டிகளுக்கு இது சரியாக வரும் என்று தோன்றுகிறது. ஒருவருக்குப் போன வருஷத்திலிருந்து மானியமே ஏறவில்லை என்கிறார்.

#25 சிலிண்டர் வண்டி

கேஸ் புத்தகம், ஆதார், பழைய உருளை, ரெகுலேட்டர். 5 கிலோவுக்கு ரெகுலேட்டர் ஒத்துவருகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானியம் ஏறாத பாட்டிக்கு இ-கேஒய்சி (ஆதார் வைத்து ஆளைச் சரிபார்ப்பது) விட்டுப்போயிருக்கலாம். கைரேகை விழாவிட்டால் விடாதீர்கள், முகம் காட்டிச் செய்கிற ஆப் இருக்கிறது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் மாட்டிக்கொள்ளும். புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்தால் ஏஜென்சியில் கூட்டம் இருக்காது.